தெற்குச் சுவர்ப் பல்லிகள்

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு மாத்திரை, சாப்பிட்ட பின் ஒரு மாத்திரை என்கிற நிலைமைக்கு நம்மில் பாதிப்பேர் வந்துவிட்டோம். முன் மாத்திரைக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட அந்த அரை மணி நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. செல்போன் சார்ஜில் இருக்கும். மகள் தன் செல்போனில் இருப்பாள். ஆகவே நான் சுவரைப் பார்க்கிறேன். சுவரில் பல்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. முன் மாத்திரையும் இல்லை, பின் மாத்திரையும் இல்லை, டாக்டர் எழுதிக்கொடுத்த பத்தியமும் இல்லை. பொறாமையாக இருக்கிறது.

நம் வயதுக்காரர்கள் பல்லியைக் காதால் அறிந்தவர்கள். அது சொன்னால் நல்லதா, விழுந்தால் கெட்டதா, தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று நமக்கெல்லாம் மனப்பாடம். அது என்ன தின்னும் என்று கேட்டால் "பூச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். ஒரு ஐந்தாம் வகுப்புப் பருவத்தில் இதை முழுநேர வேலையாகப் பார்த்தவள் என்பதால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வேறு எதிலும் திமிர்கொள்ள வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் எனக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் காலையில் தருவார்கள். அப்புறம் உப்பில்லாத கஞ்சி. மத்தியானமும் அதே. ராத்திரிக்கு அதில் கொஞ்சம் தண்ணீர் கூட. கோவில்பட்டி வீட்டின் நடு அறையில், எங்கள் பக்கத்தில் பட்டாசாலை என்போமே, அதில் பாயை விரித்து என்னைக் கிடத்திவிட்டார்கள். மல்லாந்து படுத்தால் தெற்குச் சுவர் தெரியும். தெற்குச் சுவரில் டியூப் லைட். இன்றைக்கு இருப்பதுபோல சத்தம் போடாத லைட் அல்ல. ஸ்டார்ட்டர் கண்ணடித்து, சோக்கு முனகி, எரியலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எரியும். இரண்டு முனையும் கறுத்திருக்கும். அது எரிய ஆரம்பித்ததும் ஜன்னல் வழியாகப் பூச்சிகள் வரும். பூச்சிகள் வந்ததும் காலண்டருக்குப் பின்னாலிருந்து பல்லிகள் வரும். எனக்குக் கஞ்சி வரும்.

ஊரெல்லாம் சாப்பிடும்போது பட்டினி கிடப்பவனுக்குத்தான் மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். பல்லி பாய்ந்து தின்னும் என்று நினைக்கிறோம். அது பாய்வது கடைசி அரை அங்குலம்தான். அதற்கு முந்தைய தூரம் முழுக்க, கடன்காரன் வீட்டு வாசலைக் கடப்பவன்போல, போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போகும். வால் நுனி மட்டும் நடுங்கும். சின்னப் பூச்சி என்றால் ஒரே வாய். பெரிய அந்துப்பூச்சி அகப்பட்டால் வாயில் கவ்வியபடியே சுவரில் இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி. சிறகு பிய்ந்து என் பாயில் விழும். தின்று முடித்ததும் நாக்கை நீட்டித் தன் கண்ணையே துடைத்துக்கொள்ளும். நாம் வாயைத் துடைக்கிறோம், அது கண்ணைத் துடைக்கிறது. சாப்பிட்டது யாரை என்று யோசித்தால் அதுதான் முறை என்று தோன்றும்.

தோலை உரித்தால் அதையும் வீணாக்காது. வெள்ளைக் காகிதம்போலப் பிரிந்து தொங்குவதை வாயால் இழுத்து இழுத்துத் தின்றுவிடும். போட்ட சட்டையைத் துவைப்பதற்குப் பதிலாகத் தின்றுவிடலாம் என்ற ஏற்பாடு அம்மாவுக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்து அவளிடம் சொன்னேன். காய்ச்சல் தலைக்கேறிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

என் கஞ்சியையும் பல்லிக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பருக்கையைச் சுவரில் ஒட்டினேன். மொட்டை வால் பல்லி ஒன்று, எல்லோரையும்விடத் தடியன், அதைத் தாண்டிப் போனது. அசையாத சோற்றை அது சோறாக மதிப்பதில்லை. அதனால் அத்தையின் கறுப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, ஒட்டடைக் கம்பில் கட்டி, சுவரோரம் ஆட்டினேன். பாய்ந்து கவ்வியது. ஒரு நிமிஷம் வாயில் வைத்திருந்துவிட்டுத் துப்பியது. துப்பும்போது என்னைப் பார்த்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அத்தை என்றது அப்பாவின் தங்கையை. பட்டாசாலையின் ஒரு மூலையில் தையல் மிஷினும் அத்தையும் இருப்பார்கள். தெரு முழுக்க ஜாக்கெட் அவள் தைத்ததுதான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் இன்னும் சரி. தடைக்குக் காரணம் நான் மேலே வருணித்த அதே பல்லிகள்.

அப்பாவுக்கு மிளகாய் வத்தல், உளுந்து கமிஷன் கடை. கரிசல்காட்டில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் கொண்டுவரும் வத்தலில் ஒரு கை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே விதை எழுப்பும் சத்தத்தில் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த நிமிஷமே விலை சொல்லிவிடுவார். சொன்னால் மாறமாட்டார். அப்படிப்பட்ட மனுஷர் வீட்டுக்குள் வந்ததும் எதையும் முடிவுசெய்ய மாட்டார். கல்யாணம், காதுகுத்து, கிணற்றுக்குத் தூர் எடுப்பது எல்லாவற்றுக்கும் பல்லி சொல்ல வேண்டும். வடக்கிலோ கிழக்கிலோ சொன்னால் நடக்கட்டும். தெற்கு எமன் திசை. தெற்கே சொன்னால் எழுந்து போய்விடுவார். எதிர்வீட்டு டீச்சர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவில் பல்லி சொன்னால் வாக்கியத்தை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்வார்.

இதற்கு ஒரு பழைய கதை இருந்தது. பெரிய அத்தையை, அதாவது அப்பாவின் அக்காவை, புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்தது அப்பாவின் ஒரே சொல்லில். பல்லி, ஜோசியம் ஒன்றும் கேட்காமல், வத்தலுக்கு விலை சொல்வதுபோலப் பையனைப் பார்த்ததும் சரி என்றிருக்கிறார். அந்த வாழ்க்கை சரிப்படவில்லை. பெரிய அத்தை தீபாவளிக்கு வந்தாலும் பொங்கலுக்கு வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நீ தள்ளுன கெணறுதானப்பா" என்பாள். எனக்கு அப்போது அப்பா ஒரு முட்டாள் பக்தராகத் தெரிந்தார். அவர் பயந்துபோன மனுஷர் என்பது எனக்கு மகள் பிறந்து அவளுக்கு வரன் பேசத் தொடங்கியபோதுதான் உறைத்தது. பழியைச் சுமக்கத் தோள் வேண்டாத ஒரு பிராணியிடம் அவர் பொறுப்பைக் கொடுத்துவிட்டிருந்தார்.

சின்ன அத்தைக்கு வந்த இரண்டு வரன்கள் இப்படிப் போயின. விளக்கு வைத்த பிறகு வருவார்கள். காப்பி குடிப்பார்கள். "என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?" என்பார்கள். அப்பா வாயைத் திறப்பார். தெற்குச் சுவரில் மொட்டை வால் சத்தமாகச் சொல்லும். அப்பா வாயை மூடிக்கொள்வார். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் தகவல் போகும். அந்த இரண்டு வரன் போனதிலும் அத்தை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மிஷின் ஒரே சீராக ஓடியது.

மூன்றாவதாகப் பசுவந்தனை வரன் வந்தது. மாப்பிள்ளை மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். தரகர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு மிஷின் ஓடிய விதமே வேறு. ஓடும், நிற்கும், பாவாடை நாடாவைப் பிரித்து மறுபடி தைக்கும். பசுவந்தனையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு அத்தை மணப்பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்துக் கொண்டுபோயிருந்தாள். அங்கே அவரைப் பார்த்திருக்கிறாள். பேசியும் இருக்கலாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது, அத்தை முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பல்லியைப் பார்த்தாள் என்பதுதான்.

"ஏட்டி, இந்தச் சனியன் எப்பவும் அங்கனயே உக்காந்து ஏன் கத்துது?" என்றாள்.

"அங்கனதான அத்தை அதுக்குச் சாப்பாடு இருக்கு" என்றேன். "லைட்டு அங்கன இருக்குல்லா."

மிஷின் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் லைட்டைப் பார்த்தாள். பிறகு வடக்குச் சுவரைப் பார்த்தாள். எமன், குபேரன், எட்டுத் திசைக் காவலர்கள் என்றே பேசிய எங்கள் வீட்டில் யாரும் யோசித்திராத ஒரு விஷயத்தை, அதாவது வயரிங்கை, அவள் யோசித்தாள்.

மறுநாள் அப்பாவிடம் கண் வலிக்கிறது என்றாள். வடக்குப் பக்க ஜன்னலோரம் மிஷினைப் போட்டால் பகலில் வெளிச்சம் கிடைக்கும், ராத்திரிக்கு லைட்டையும் அங்கே மாற்றிவிட்டால் தேவலை என்றாள். அப்பா அன்றைக்கே எலெக்ட்ரீஷியனை அனுப்பிவிட்டார். அதற்கு அவர் பல்லியைக் கேட்கவில்லை.

லைட் வடக்கே போனது. பூச்சிகள் அன்று சாயங்காலமே வடக்கே போயின. பல்லிகள் போகவில்லை. மூடிய ஹோட்டல் வாசலில் பழக்கதோஷத்தில் வந்து நிற்பவர்கள்போல, இருட்டிய தெற்குச் சுவரிலேயே கிடந்தன. எதிர்ச்சுவரில் விருந்து நடக்கிறது, இவை காலண்டர் ஆணியைச் சுற்றுகின்றன. வெள்ளிக்கிழமை பசுவந்தனைக்காரர்கள் வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"அதுக்கு வேற என்னட்டி பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் என்னை மதித்து யாரும் கேட்ட முதல் கேள்வி அது. அடுக்களையில் கருப்பட்டிப் பாகு சிந்திய இடத்தில் ஒரு பல்லி நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். சொன்னேன். அத்தை ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கரைத்து, வடக்குச் சுவரில் லைட்டுக்குக் கீழே, அலமாரி மறைவில் பட்டையாகப் பூசினாள். எங்கள் கணக்கில் விட்டுப்போனது எறும்பு. விடிவதற்குள் வாசல்படியிலிருந்து அலமாரி வரை கோடு போட்டதுபோல வந்துவிட்டது.

அம்மா கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்க் கருப்பட்டிக் கறையைக் கண்டுபிடித்தாள். வீட்டில் கருப்பட்டிக்கு ஏங்கிக் கிடக்கும் ஜீவன் யார் என்று பார்த்தாள். நான் திருட்டுத்தனமாகத் தின்று கையைச் சுவரில் துடைத்திருக்கிறேன் என்று தீர்ப்பாகிவிட்டது. பத்தியம் முறிந்ததால் உப்பில்லாக் கஞ்சி மறுபடி முதலிலிருந்து. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். காதல் என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

ஆனால் பாகு வேலை செய்தது. முதலில் ஒரு குட்டி வந்து நக்கியது. நக்கிவிட்டு மேலே பார்த்தது. மேலே பூச்சி. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கூரை வழியாக இடம் மாறின. மொட்டை வால் கடைசியாக வந்தது. வந்ததும் அந்தக் குட்டியைத் துரத்தியது. வியாழக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் வடக்குச் சுவரிலிருந்து முதல் தடவையாகச் சொன்னது. அத்தை சிரித்ததைப் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்தை அவளே கழுவி வைத்தாள். அதுதான் எனக்குக் கிடைத்த நஷ்டஈடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐப்பசியின் முதல் மழை பெய்தது. மண்வாசனையைப் பற்றி மனமுருகி எழுதுகிறவர்கள் கரிசல் சேற்றில் நடந்தவர்களாக இருக்க முடியாது. அது செருப்பைப் பிடித்தால் விடாது. மாப்பிள்ளை முழங்கால்வரை கறுப்பாக, இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு, சந்தையில் மீன் வாங்கி வருகிறவர்போல வந்து சேர்ந்தார். பின்னால் அவருடைய அம்மா. அவர் கால் கழுவும்போதே மழை விட்டுவிட்டது.

மழை விட்டதும் ஈசல் வந்தது. ஜன்னலை மூடுவதற்குள் பட்டாசாலை முழுக்க ஈசல். லைட்டைச் சுற்றி ஈசல், காப்பியில் ஈசல், அப்பாவின் வழுக்கையில் ஈசல். மாப்பிள்ளையின் அம்மா மடியில் விழுந்தவற்றைப் பொறுக்கி ஓரமாகச் சேர்த்தார். எங்கள் ஊரில் இதை வறுத்துப் பொரியோடு தின்போம், இங்கே வீணாகப் போகிறதே என்றார். அம்மா லைட்டை அமத்தட்டுமா என்று கேட்டாள். அப்பா வேண்டாம் என்றார். அவருக்குச் சுவர் தெரிய வேண்டியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பேச்சைத் தொடங்கினார். சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கு நாகலாபுரத்துக்காரவிய வீட்டுக்கு வாரோம்னு சொல்லியிருக்காவ, அண்ணாச்சி. எங்களுக்கு இங்கனதான் மனசு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அவியளை வரவேண்டாம்னு சொல்லிருவோம். சொல்லலேன்னா அந்தப் பொண்ணையே முடிச்சிருவோம்."

அப்பா வாயைத் திறந்தார். வழக்கம்போல ஒரு விநாடி நிறுத்தினார். நானும் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தை மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தைக்க ஒன்றுமில்லாத துணியைக் கையில் பிடித்திருந்தாள்.

பல்லி சொல்லவில்லை.

வடக்குச் சுவரில் எல்லாப் பல்லிகளும் இருந்தன. வீட்டுக்குள் இத்தனை இருந்தனவா என்று எனக்கே ஆச்சரியம். ஒவ்வொன்றின் வாயிலும் ஈசல். விழுங்குவதற்குள் அடுத்தது மூக்கின்மேல் வந்து உட்கார்கிறது. மொட்டை வாலுக்கு வாயின் இரண்டு பக்கமும் சிறகு நீட்டிக்கொண்டிருந்தது, மீசை வைத்ததுபோல. ஓடவில்லை, பதுங்கவில்லை, வால் நுனிகூட நடுங்கவில்லை. வருஷத்தில் ஒருநாள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் யாராவது பேசுவார்களா?

அப்பா தொண்டையைச் செருமினார். பல்லிக்கு ஞாபகப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். மறுபடி செருமினார். காப்பியில் விழுந்த ஈசலை விரலால் எடுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். எழுந்துவிடலாம் என்பதற்கு முந்தைய பார்வை அது. புடவைத் தலைப்பை உதறிக்கொண்டார்.

மாப்பிள்ளை அப்பாவின் கண் போன திசையில் திரும்பிப் பார்த்தார். மாட்டின் வாயைத் திறந்து மருந்து ஊற்றுகிற வேலை பார்ப்பவர் அல்லவா, விஷயம் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"வாய் நெறைய வச்சிருக்கு, அண்ணாச்சி" என்றார், மிகுந்த மரியாதையோடு. "இன்னைக்கு அது பேசாது."

அப்பாவின் முகம் கறுத்தது. அவர் எழுந்துபோயிருப்பார். அதற்குள் மிஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், வந்தவர்கள் முன்னால், பெண் வாய் திறந்து கோவில்பட்டியில் நான் கேட்டதில்லை.

"அதுக்கு வாய் ஒழியல. நாஞ் சொல்லுதேன். எனக்குச் சம்மதம், அண்ணே."

எனக்கு அப்பா அடிப்பார் என்று பயம். அவர் அத்தையைப் பார்த்தார், ரொம்ப நேரம். நான் கோபம் என்று நினைத்த அந்தப் பார்வையைப் பிற்பாடு ரயில்வே ஸ்டேஷன்களில் பலதடவை பார்த்திருக்கிறேன். தலைச்சுமையை இறக்கிவைக்க யாராவது கைகொடுத்த நிமிஷத்தில் சுமந்தவர் முகத்தில் வரும் பார்வை அது.

"அவளே சொல்லிட்டா" என்றார் மாப்பிள்ளையின் அம்மாவிடம். "அப்பஞ் சரி. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

"பிள்ளைக்கு வாயிருக்கு" என்றார் அந்த அம்மா. பாராட்டா எச்சரிக்கையா என்று யாருக்கும் புரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டும்தான் என்று தெரிந்தது. அன்று ராத்திரி அப்பா இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தையில் கல்யாணம்.

அத்தையும் மாமாவும் பசுவந்தனையில்தான் இருக்கிறார்கள். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். தெருவில் போகிற ஆட்டை எல்லாம் நிறுத்தி நாக்கைப் பார்க்கிறார். சேர்ந்தாற்போல் நாலு நாள் அவர்கள் பேசிக்கொண்டால் ஐந்தாம் நாள் சண்டை. ஒரு தடவை அத்தை கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருந்தாள். பெரிய அத்தை அப்போது வந்திருந்தாள். இனி நீயும் உன் அண்ணனைக் கேள் என்று தூண்டிவிட்டாள். சின்ன அத்தை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா உயிரோடிருந்தவரை அவள் வீட்டுக்கு மட்டும்தான் கூப்பிடாமலே போய் நின்றார், சாப்பிட்டார், திண்டைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு மகள் கல்யாண விஷயத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. யாரையாவது கேட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது. நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, அன்றைக்கு நீ சொன்னது சரிதானா அத்தை என்று கேட்டேன். உள்ளறையில் மாமா எதையோ காணோம் என்று அவளைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"பாதி நாள் சரிதாட்டி" என்றாள். "மத்த நாளெல்லாம், சொன்னது நானாச்சே, யாரைப் போய் ஏச முடியும்? எந்திரிச்சு சோத்தைப் பொங்க வேண்டியதுதான்."